முதல் பிடிக்கு லாபம் என்று பெயர்

டூட்டிக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ஜெஸி சிஸ்டரின் போன் வந்தது. அவர் நான் முன்பு கிடந்த ஆஸ்பத்திரியில் மலையாளி நர்ஸ். தமிழும் மலையாளமுமாகக் கலந்துதான் பேசுவார்.

"சேட்டா, நம்மட இல்ஸே மேடம் போயி. வெளுப்பினாணு, விடியக்காலம். நிங்ஙள்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணிச்சு."

சரி சிஸ்டர் என்றேன். பொத்தானைப் போட்டு முடித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

வளைகுடாவில் இத்தனை வருடம் கிடந்தவனுக்குச் சாவுச் செய்தி புதிதில்லை. வாட்ஸப் குழுவில் ஒரு படம் வரும். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள் வரும். மத்தியானத்துக்குள் அதன் தலைமேல் யாரோ ஒருவர் பிரியாணி விளம்பரத்தை ஏற்றிவிடுவார். நானும் கும்பிட்ட கை போட்டவன்தான். இந்த முறை அதைப் போட மனம் வரவில்லை. இங்குள்ள தமிழ்ச் சங்கத்து மலருக்கு மேடத்தைப் பற்றி எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதும் ஒப்புக்கொண்டேன். உடம்பும் மனசும் அலுத்துக் கிடக்கின்றன. ஆனாலும் பேனா பிடித்துக் கையால்தான் எழுதுகிறேன். அது ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இல்ஸே மேடம் லாத்வியா நாட்டுக்காரர். பால்டிக் கடலோரத்தில் இருக்கிற சின்ன நாடு. துபாயில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டாக வெகுகாலம் வேலை பார்த்தார். கணவர் இல்லை. ஒரே மகன் ரீகாவில் இருக்கிறார். உயரமான பெண்மணி, நரைத்த முடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருப்பார். வா வா என்கிற "யல்லா", முடிந்தது என்கிற "கலாஸ்" இரண்டையும் அரபிக்காரர்களைவிட அழகாகச் சொல்லுவார். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது இங்கிலீஷ். அது அவருக்கும் சொந்த பாஷை இல்லை, எனக்கும் இல்லை. அதனாலேயே ஒருவர் பேசியது மற்றவருக்கு நன்றாக விளங்கியது. அவர் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடிக்காரன். பெயர் கணேசன். ஊரில் நெல் மண்டியில் நின்றவன். இங்கே ஜெபல் அலியில் அரிசியும் பருப்பும் வந்து இறங்குகிற ஒரு கோடவுனில் சூப்பர்வைசர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கோடைக்கால மத்தியானம், கன்டெய்னர் வாசலில் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தேன். பக்கவாதம். பேச்சு இரண்டொரு நாளில் திரும்பியது. வலது கால் இழுத்துக்கொண்டு நடக்கிற அளவுக்கு வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்குகிற வேறு யாருடையதோ ஒரு சாமான் மாதிரி மடியில் கிடந்தது.

கம்பெனி மேனேஜர் பம்பாய்க்காரர். கெட்டவர் இல்லை. கட்டில் பக்கத்தில் நின்று நேராகவே சொன்னார்: "கணேசன் பாய், மெடிக்கல் லீவ் முடியுற வரைக்கும் நான் பாத்துக்குவேன். அதுக்குள்ள கை வேலை செய்யணும். சைன் பண்ணணும், மூட்டைக் கணக்கு டேலி எழுதணும். இல்லேன்னா விசா கேன்சல்தான். என் கையில் ஒண்ணும் இல்லை."

என் கையிலும் ஒன்றும் இல்லை என்பதுதான் பிரச்சினையே. வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன். பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். கை வராவிட்டால் அவள் படிப்பு நின்றுவிடும். அந்தக் கட்டிலில் கிடந்த நாளெல்லாம் எனக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான்.

அந்த வார்டில் நான் சாப்பிடவில்லை. பட்டினிப் போராட்டம் எல்லாம் இல்லை. தட்டை வைப்பார்கள், இடது கையில் ஸ்பூனைக் கொடுப்பார்கள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். இடது கையால் சோறு தின்பது எப்படி? அது கழுவுகிற கை. பிறந்ததிலிருந்து அந்தக் கையை இலைப் பக்கம் கொண்டுபோனதில்லை. ஒரு தரம் ஸ்பூனை வாய் வரைக்கும் கொண்டுபோனேன், குமட்டியது. என்னுடன் ரூமில் இருக்கும் முருகேசன் ஊட்டிவிடுகிறேன் என்றான். எதிர்க் கட்டிலில் ஒரு பட்டான், பக்கத்துக் கட்டிலில் ஒரு பிலிப்பினோ. நடுவே நான் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பதா? போடா என்று விரட்டிவிட்டேன். பாலும் ஜூஸும் உறிஞ்சிக்கொண்டு கிடந்தேன்.

டாக்டர்களுக்கு இது எப்படித் தெரியும்? விழுங்க முடியவில்லை போலிருக்கிறது என்று தொண்டையைச் சோதித்தார்கள். தொண்டை நன்றாக இருந்தது. அப்புறம் மனச்சோர்வு என்று எழுதி ஒரு மாத்திரை கொடுத்தார்கள். மூக்கு வழியாகக் குழாய் போடலாமா என்று பேசிக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது பசியைவிடப் பெரிய ரோகம்.

கண்டுபிடித்தவர் இல்ஸே மேடம்தான். கைக்குப் பயிற்சி கொடுக்க வந்தவர் முதல் நாள் பயிற்சியே கொடுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். என் கேஸ் பைலை எடுத்துக் கொடுங்கள் என்றார். இடது கையால் கொடுத்து "ஸாரி மேடம்" என்றேன். தண்ணீர் பாட்டிலைக் கேட்டார். மறுபடியும் இடது கை, மறுபடியும் ஸாரி.

"எதற்கு ஸாரி?"

நான் அந்தக் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"நான் பிறவியிலேயே இடது கைக்காரி" என்றார். "சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் திட்டித் திட்டி மாற்றப் பார்த்தார்கள், முடியவில்லை. இந்த ஊருக்கு வந்த பிறகு நானே பழகிக்கொண்டேன், யாருக்கும் இந்தக் கையால் எதையும் நீட்டுவதில்லை. நீங்கள் தண்ணீர் குடிக்கிறீர்கள், ஜூஸ் குடிக்கிறீர்கள். சாப்பிடத்தான் மாட்டேன் என்கிறீர்கள். தொண்டை என்று சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வயது நாற்பத்தாறு. பட்டான் பார்த்துக்கொண்டிருந்தான். அழுதேன்.

வலது கைக்கு எங்கள் பக்கம் சோத்துக் கை என்று பெயர் மேடம் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். சோறு உண்கிற கை. அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "எங்கள் பாஷையில் அதற்கு லபா ருவகா என்று பெயர். நல்ல கை என்று அர்த்தம். இடது கைக்காரியான எனக்கு அதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும்!" என்று சிரித்தார். அப்புறம் முருகேசனைத் தேடிப் பிடித்து, மெஸ்ஸிலிருந்து சோறும் சாம்பாரும் கொண்டுவரச் சொன்னார். சுடச்சுட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். அதுவரை ரப்பர் பந்தும் பிளாஸ்டிக் வளையமும் கொடுத்துப் பார்த்தவர்கள் உண்டு. இவர் எதுவும் கொடுக்கவில்லை. என் வலது கையைத் தூக்கிச் சோற்றுத் தட்டில் வைத்தார், அவ்வளவுதான். சாம்பாரின் சூடு உள்ளங்கையில் பட்டது. பெருங்காய வாசனை மூக்கில் ஏறியது. விரல்கள் செத்துக் கிடந்தன. "யல்லா, கணேசன். அவசரம் இல்லை. சோறு எங்கும் ஓடிப்போகாது."

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. சோறு ஆறிப்போய், திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். எத்தனையோ நோயாளிகளின் கட்டிலோரம் இப்படி உட்கார்ந்து அவருக்கும் அலுத்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். ஆனால் எழுந்து போகமாட்டார். பெருவிரல் அசைந்த அன்று எனக்கு முன்னால் அவர்தான் பார்த்தார். நான் பசியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். பழக்கம் என்பது மூளையைவிட ஆழமான இடத்தில் இருக்கும் போலிருக்கிறது. பிசைய வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, கை பிசைந்தது.

கொஞ்ச நாளில் ஒரு வாய் அளவுக்குச் சோற்றை அள்ள வந்தது. "எத்தனை தடவை அள்ளுகிறீர்கள் என்று நீங்களே எண்ணுங்கள். உங்கள் பாஷையிலேயே எண்ணுங்கள்" என்றார். எண்ணினேன்.

"லாபம், ரெண்டு, மூணு..."

"நில்லுங்கள். முதலில் என்ன சொன்னீர்கள்? ஒன்று என்பதற்கு வேறு சொல் அல்லவா சொல்லுவீர்கள்? லிப்டில் ஒன்று என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்."

மண்டிப் பழக்கம் என்று விளக்கினேன். எங்கள் ஊரில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்லமாட்டோம். லாபம் என்போம். அடுத்ததிலிருந்துதான் ரெண்டு, மூணு. ஜெபல் அலி கோடவுனிலும் நம் பையன்கள் முதல் மூட்டைக்கு லாபம் என்றுதான் குரல் கொடுப்பார்கள். கூட நிற்கிற பாகிஸ்தான்காரருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மூட்டை குறைகிற மாதிரி இருக்கும், தலையில் அடித்துக்கொள்வார்.

"லாபம் என்றால்?"

"கிடைத்தது மேடம். ஆதாயம். வடமொழியிலிருந்து வந்த சொல் என்பார்கள்."

அவர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அவருடைய அப்பாவைப் பற்றிச் சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் லாத்விய மொழி வாத்தியாராம். அந்த மொழியில் நல்ல என்பதற்கு லப்ஸ் என்று சொல்வார்களாம். நாள் முழுக்க எல்லார் வாயிலும் புழங்குகிற சொல். அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அப்பா தன் கை விரல்களை மூடிக் காட்டுவாராம். ஆதியில் அந்தச் சொல்லின் வேருக்குப் பிடிப்பது, பற்றுவது என்று பொருள். பற்றியது கிடைத்தது, கிடைத்தது பயன்பட்டது, பயன்பட்டது நல்லது ஆனது. மொழி ஆராய்கிறவர்கள் பல பேர் அப்படித்தான் சொல்கிறார்கள் என்று அப்பா சொல்வாராம். இந்தியாவின் பழைய மொழியில் இதற்கு உடன்பிறந்த சொல் ஒன்று இருக்கிறது, லப் என்று தொடங்கும் என்றும் சொல்லியிருக்கிறாராம்.

"இருபத்தைந்து வருடமாக இந்தியர்களோடு வேலை செய்கிறேன். யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் சாம்பார்க் கையோடு சொல்கிறீர்கள்."

அவர் ஊரில் நெல் இல்லை. கோதுமை, பார்லி போல வேறு தானியங்கள். எல்லாத் தானியத்துக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் பெயர் லபீபா. அதுவும் அந்த நல்ல என்கிற சொல்லிலிருந்தே பிறந்தது. ரிப்பேர் செய்வதற்கும் அதே குடும்பத்துச் சொல்தான். "நானும் ரிப்பேர்க்காரிதான்" என்பார். சரி, ஆகட்டும் என்பதற்கு லபி. நான் ஒவ்வொரு பிடி அள்ளும்போதும் லபி, லபி என்பார். உடம்பு முடியவில்லை என்றால் நெலபி. நாம் நலமில்லை என்கிறோமே, அச்சாக அதேதான். நல்லது அல்லாதவன் என்றால் அங்கே சாத்தானுக்குப் பெயராம். எங்கள் ஊரில் விஷப் பாம்பைத்தான் நல்ல பாம்பு என்போம் என்று நான் சொன்னதும், வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். "பேரைச் சொல்லவே பயந்த ஜனங்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்" என்றார்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு நாள் கேட்டேன்: "அப்படியென்றால் உங்கள் நல்ல கை எது மேடம்?"

"அப்பா சொன்னது சரியென்றால், எது பிடிக்கிறதோ அது" என்றார்.

சோற்றுக்கு அப்புறம் துவரம்பருப்பு, அதற்கு அப்புறம் கடுகு. ஒரு தாம்பாளத்தில் கொட்டிவைத்து அள்ளி அள்ளி வேறு பாத்திரத்தில் போட வேண்டும். கடைசிப் பரீட்சை மணல். காய்ந்த மணல். அதைப் பிடிக்க ஐந்து விரலும் இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். எனக்குச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் கடைசிவரை ஒட்டவில்லை. அள்ளுவேன், கை பாத்திரத்துக்குப் போவதற்குள் பொலபொலவென்று கொட்டிப்போகும். லீவ் முடிகிற நாள் வந்துவிட்டது. "மணல் பாக்கி இருக்கிறது, கணேசன். அதை அடுத்த தடவை வைத்துக்கொள்வோம்" என்று அனுப்பிவைத்தார்.

ஆபீசில் மேனேஜர் ஒரு டெலிவரி நோட்டை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். கோழி கிளறிய மாதிரி இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அச்சா. சலேகா, இது போதும்" என்றார். விசா தப்பியது. இந்த வருடம் என் பெண் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மேடத்துக்குப் படம் அனுப்பினேன். லபி என்று ஒற்றைச் சொல் பதிலாக வந்தது.

சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு ஒரு வருடம் அவரை அழைத்து வந்தேன். இலை போட்டுப் பந்தி. எங்கள் வரிசையில் உட்கார்ந்து இடது கையை இலையில் வைத்தார். எதிரே இருந்தவர்கள் சங்கடமாக நெளிந்தார்கள். அவர் கவனித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். சாம்பார் வாளியோடு வந்த முருகேசன் விஷயம் தெரிந்தவன். "சாப்புடுங்க மேடம். உங்களுக்கு அதான் சோத்துக் கை. எவன் கேக்குறான்னு பாக்குறேன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினான். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சாப்பிட்டார். பாயசத்தையும் கையால் அள்ளப் பார்த்தார், நான்தான் கப் வாங்கிக் கொடுத்தேன்.

போன ரம்ஜானுக்குக் கொஞ்சம் முன்னால் போன் செய்தார். எப்படி இருக்கிறீர்கள் மேடம் என்றேன். "நெலபி, கணேசன்" என்றார். வயிற்றில் கட்டி. மகன் ரீகாவுக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டும் போகவில்லை. அந்தக் குளிரை இனி இந்த உடம்பு தாங்காது என்றார். போய்ப் பார்த்தேன். அவர் வேலை பார்த்த அதே மருத்துவமனை, வேறு மாடி. கொண்டுபோன ரசத்தை டம்ளரில் ஊற்றினேன். அவருடைய இடது கையில் ஊசி குத்தி ஒட்டிவைத்திருந்தார்கள். டம்ளரை நான் பிடித்துக்கொள்ள, இரண்டு வாய் குடித்தார். நான் எந்தக் கையால் பிடிக்கிறேன் என்று பார்த்தார்.

"மணல்?" என்றார்.

"இன்னும் கொட்டுகிறது மேடம்."

"வெட்கமாக இல்லையா? துபாயில் இருந்துகொண்டு மணல் கிடைக்கவில்லையா?"

அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் செய்த கேலி. கிளம்பும்போது உஸ் விஸு லபு என்றார். அவர்கள் விடைபெறுகிற சொல். எல்லாம் நல்லதாகட்டும் என்று அர்த்தம். பிடித்ததெல்லாம் உனக்கு இருக்கட்டும் என்று அவருடைய அப்பா இருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அடக்கம் ஜெபல் அலியில் நடந்தது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான மயானம் இங்கேதான் இருக்கிறது, எங்கள் கோடவுனிலிருந்து அதிக தூரமில்லை. அரை நாள் பெர்மிஷன் போட்டுவிட்டு முருகேசனோடு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொஞ்சம் பேர், ஜெஸி சிஸ்டர், பாதிரியார், கறுப்புக் கோட்டில் வேர்த்து நனைந்து நிற்கிற மகன். அம்மாவைப் போலவே உயரம். பெட்டியை இறக்கினார்கள். மகன் எங்கள் பக்கம் திரும்பி, எங்கள் நாட்டு வழக்கப்படி ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போட வேண்டும், தயவுசெய்து போடுங்கள் என்று இங்கிலீஷில் கேட்டுக்கொண்டார்.

மண் எங்கே இருக்கிறது இந்த ஊரில்? குழியோரம் குவிந்திருந்தது மணல். காய்ந்த மணல்.

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர்கள் சுலபமாக அள்ளிப் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். "அண்ணே, முடியலேன்னா இடது கையால போட்டுடுங்க. மேடம் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க" என்று முருகேசன் காதோரம் சொன்னான். அவர் நினைத்துக்கொள்ளமாட்டார்தான். அவருக்கு அது குறைந்த கையே இல்லை. ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே பாக்கி ஒன்று இருக்கிறது, அது முருகேசனுக்குத் தெரியாது.

குனிந்து வலது கையை மணலுக்குள் விட்டேன். உள்ளே சூடாக இருந்தது. விரல்களை மூடித் தூக்கினேன். சுண்டுவிரல் பக்கமாகக் கொட்டத் தொடங்கியது. குழிக்கு மேலே கையைக் கொண்டுபோவதற்குள் முக்கால்வாசி போய்விட்டது. மிச்சம் பெட்டியின் மேல் விழுந்த சத்தம் கேட்டது.

"லாபம்" என்றேன்.

சாவில் சொல்லக் கூடாத சொல். எனக்குத் தெரியாதா? பக்கத்தில் நின்ற இரண்டு தமிழ் ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். என் வாயில் முதல் பிடிக்கு வேறு பெயர் வரவில்லை. மகன் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அம்மா இந்த எண்ணிக்கையை அவருக்குச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு" என்றார். தமிழில்தான் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அள்ளினேன்.

போய் வாருங்கள் மேடம். மூன்றாவது பிடி அவ்வளவாகச் சிந்தவில்லை.